தட்டக்கா இல்லாத ஏழு நாள்

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கும், யார் வீட்டுக் கதவு எத்தனை மணிக்குக் கோபமாகச் சாத்தப்படும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். இவ்வளவு தெரிந்த நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது மட்டும் என் நாத்தனாருக்கு இருபத்தொரு வருடமாகப் புரியவில்லை. வாரம் ஒருமுறை போன் செய்வாள். உடம்பு, பிள்ளைகள், மழை எல்லாம் முடிந்த பிறகு தொண்டையைச் செருமிக்கொள்வாள்.

"அண்ணி, ரொம்ப நாளா கேக்கணும்னு. நீங்க அங்க என்னதான் வேல பாக்குறீங்க?"

"ஆராய்ச்சி நிலையத்துல."

"அது எடம். வேல?"

"ஈஸ்டுக்குச் சாப்பாடு செய்யறேன்."

"மாவு பொங்கறதுக்குப் போடுவாங்களே, அந்த ஈஸ்டா?"

"அதேதான்."

"அதுக்குச் சாப்பாடு செய்ய ஒரு ஆளா?"

பிறகு ஒரு மௌனம் வரும். தன் அண்ணன் யாரையோ நம்பி மோசம் போய்விட்டார் என்கிற துக்கம் அதில் நன்றாகக் கேட்கும்.

உண்மையில் என் வேலை அதுதான். சர்க்கரை, சத்துப்பொடி, கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகார் மூன்றையும் தண்ணீரில் கலந்து, பிரஷர் குக்கரின் பெரியண்ணன் போல நிற்கும் ஒரு இயந்திரத்தில் வேகவைத்து, உள்ளங்கை அகலத் தட்டுகளில் ஊற்றி உறையவிட வேண்டும். அதன்மேல் ஈஸ்டைத் தடவினால் வெள்ளைப் புள்ளிகளாக வளரும். எந்தத் தட்டில் என்ன சாப்பாடு என்று தெரிய ஓரத்தில் வண்ணக் கோடு போடுவேன். தட்டுகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி மூன்று மாடிக்கும் கொண்டு போய்க் கொடுத்து, அழுக்குத் தட்டுகளை வாங்கி வருவேன். அதனால் நிலையத்தில் எல்லோருக்கும் நான் தட்டக்கா. தட்டக்கா இல்லாவிட்டால் அந்த மூன்று மாடியும் பட்டினி என்பது என் நம்பிக்கை. நான்கு பேரிடம் அதைச் சொல்லியும் வைத்திருந்தேன். நான்கு என்பது ஒரு பேச்சுக்கு.

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே குடியிருக்கும் பெண்ணும் அதே நிலையத்தில்தான் ஆராய்ச்சி மாணவி. மேல்மாடிக்காரி என்போம். ஆறு வருடமாக ஈஸ்டின் ஒரே ஒரு மரபணுவோடு குடித்தனம் நடத்துகிறாள். அந்த மரபணு அத்தியாவசியமானது, அதை எடுத்துவிட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். செத்துப்போன பிறகு யாரிடம் போய் 'உனக்கு அது என்ன வேலை செய்துகொடுத்தது' என்று கேட்பது? இதுதான் அவளுடைய ஆறு வருடப் பிரச்சினை.

அதற்கும் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். அந்த மரபணுவை முழுதாக எடுக்காமல் கொஞ்சம் நோஞ்சானாக்கிவிடுவாள். இருபத்தைந்து டிகிரியில் சமர்த்தாக வேலை செய்யும். முப்பத்தேழு டிகிரிக்குக் கொண்டுபோனால் கையை விரித்துவிடும். அது கையை விரிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், ஈஸ்ட் சாவதற்குள், உள்ளே முதலில் எது கெடுகிறது என்று பார்க்க வேண்டும். எது முதலில் கெடுகிறதோ அதுதான் அந்த மரபணுவின் வேலை. எனக்கு இது உடனே புரிந்தது. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அவரும் இருபத்தைந்து டிகிரிவரை தங்கம்.

இப்படி நாங்கள் அவரவர் தட்டோடு நிம்மதியாக இருந்த காலத்தில்தான் நிலையத்தின் வருடாந்திரக் கருத்தரங்கு வந்தது.

மேல்மாடிக்காரி பேசினாள். இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் ஸ்லைடில் கண்ணை மூடினார். இரண்டாவதில் தலை சாய்ந்தது. மூன்றாவதில், காபித் தட்டு பக்கத்தில் வந்ததாலோ என்னவோ, விழித்துக்கொண்டார். அந்த ஸ்லைடில் இருந்தது இவ்வளவுதான்: ஈஸ்டுக்கு மரபணுக்கள் ஏறத்தாழ ஆறாயிரம். அவற்றில் அத்தியாவசியமானவை ஏறத்தாழ ஆயிரம். கண்டுபிடிக்கும் முறை: ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது.

இயக்குநர் காபியைக் குடித்துவிட்டு வெளியே போய்விட்டார். மறுநாள் எல்லோரையும் அரங்கத்துக்குக் கூப்பிட்டார்.

"நண்பர்களே, இந்த நிலையத்துல எதுக்கு இத்தன பேர்னு நான் ஆறு வருஷமா யோசிச்சிட்டிருந்தேன். வேற எதையும் யோசிக்கல. நேத்துதான் விடை கெடச்சுது. ஈஸ்டுல ஆறுல ஒரு பங்குதான் அத்தியாவசியம். நாம எண்பத்துநாலு பேர். ஆறால வகுத்தா பதினாலு. அந்தப் பதினாலு பேர் யாருன்னு அறிவியல் முறைப்படி கண்டுபிடிக்கப் போறோம்."

மேல்மாடிக்காரி எழுந்தாள். "சார், அத்தியாவசியம் இல்லன்னா தேவையில்லன்னு அர்த்தம் இல்ல சார். ஒண்ணு போனா இன்னொண்ணு அந்த வேலையப் பாத்துக்கும். ரெண்டையும் எடுத்தா செத்துடும்."

"அது ஸ்லைடுல இல்லையேம்மா."

"நாலாவது ஸ்லைடு சார்."

"நான் மூணு வரைக்கும்தான் இருந்தேன்," என்றார் இயக்குநர், அது ஒரு விஞ்ஞானக் கருத்து போல.

முறை இதுதான். ஒவ்வொருவரையும் ஏழு நாள் கட்டாய விடுப்பில் அனுப்புவார்கள். கவனிப்பாளர்கள் இருவர், கையில் நோட்டோடு, காலை மதியம் மாலை மூன்று வேளையும் 'நிலையம் உயிரோடு இருக்கிறதா' என்று பார்த்துப் படிவத்தில் டிக் அடிப்பார்கள். படிவத்தில் டிக் அடிக்க 'ஆம்', 'இல்லை', வேறு ஏதாவது கண்ணில் பட்டால் எழுத 'இதர' என்று மூன்று கட்டங்கள். ஏழு நாளும் 'ஆம்' என்றால் அந்த ஆள் அத்தியாவசியமில்லை, பதவி காலி. எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்காது. ஈஸ்டுக்குச் சமைக்கத் தெரிந்த ஆள் தேவை என்று எந்த வாசலிலும் பலகை தொங்குவதில்லை.

முன்மாதிரியாக இயக்குநரே முதலில் விடுப்பில் போனார். அந்த வாரம் இரண்டு வருடமாக நின்றிருந்த இரண்டாவது லிஃப்டும் ஓடியது. தேங்கிய கோப்புகள் நகர்ந்தன. அறிக்கையில் இப்படி எழுதினார்கள்: 'இயக்குநர் இல்லாதபோதும் அவருடைய தாக்கம் நீடித்ததால், அவர் போனதாகக் கருத முடியாது. ஆகவே சோதனை அவருக்குப் பொருந்தாது.'

அடுத்து வாசல் காவலர். அவர் போன வாரம் தோட்டக்காரர் கேட்டைத் திறந்துவிட்டார். தோட்டக்காரர் போன வாரம் காவலர் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். இருவரும் அத்தியாவசியமில்லை. மேல்மாடிக்காரி விடவில்லை. "ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பிப் பாருங்க சார்," என்று கெஞ்சினாள். அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலை எண்பத்திரண்டு பேரும் பூட்டிய கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றோம். இயக்குநரும் நின்றார். கவனிப்பாளர்கள் இருவரும் கேட்டில் சாய்ந்துகொண்டு டிக் அடித்தார்கள். முடிவு: 'கேட் அத்தியாவசியம். ஆட்கள் அல்லர்.'

பிறகு முத்திரைக்காரர் முறை வந்தது. அலுவலகத்தில் ரப்பர் முத்திரை வைத்திருப்பவர். எந்தக் காகிதத்திலும் அவர் முத்திரை விழுந்தால்தான் அது காகிதம். வெள்ளிக்கிழமை மாலை முத்திரையை மேசை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். போனையும் அணைத்துவிட்டார். திங்கட்கிழமை நிலையம் நின்றது. வந்து இறங்கிய மருந்துப் பெட்டிகளை வாங்கிக்கொள்ள முடியவில்லை. யாரும் விடுப்பு எடுக்க முடியவில்லை. கவனிப்பாளர்களின் படிவத்துக்கே முத்திரை வேண்டும் என்பதால், நிலையம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று அதிகாரபூர்வமாகச் சொல்லவும் ஆளில்லை. இரண்டாம் மாடியில் ஒரு பேராசிரியர் டிராயரை ஸ்பூனால் நெம்பிப் பார்த்தார். சாவி எங்கே இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் நான் எதையும் சொல்கிறவள் இல்லை என்று எழுத ஆசைதான். அன்றைக்கு மட்டும் அது நிஜம்.

முத்திரைக்காரர் திரும்பி வந்தபோது அரங்கமே கைதட்டியது. நிலையத்தின் முதல் அத்தியாவசிய மனிதர். அன்றே அவரைச் சோதனைக் குழுவிலும் போட்டார்கள்.

என் முறை மூன்று வாரம் கழித்து வந்தது.

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். விடுப்பில் போகப்போகிறோம், மூன்று மாடியும் பட்டினி கிடக்குமே என்று நான்கு நாள் இடுப்பு ஒடிய வேலை செய்தேன். நானூறு தட்டு ஊற்றினேன். சிவப்புக் கோடு இது, நீலக் கோடு அது என்று அறைக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டினேன். தட்டுகளை மாடிவாரியாகப் பிரித்துப் பையில் போட்டுக் குளிர் அறையில் அடுக்கினேன். அதற்குப் பிறகும் மனசு கேட்காமல் ஐம்பது தட்டு உபரியாக வைத்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, நான் இல்லாமல் அவர்கள் தவிப்பதைக் கேட்பதற்காகச் சந்தோஷமாகக் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மேல்மாடிக்காரி வரும் நேரம் பார்த்துப் படிக்கட்டைப் பெருக்கினேன். அது எங்கள் படிக்கட்டுகூட இல்லை.

"என்னம்மா, அங்க எப்படி இருக்கு? கஷ்டமா இருக்குமே."

"ஒரு கஷ்டமும் இல்லக்கா. எல்லாத் தட்டும் கரெக்டா இருந்துச்சு. உபரி வேற வெச்சிருந்தீங்க. சூப்பர்க்கா."

"யாரும் என்னப் பத்திக் கேக்கலையா?"

அவள் யோசித்தாள். யோசித்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்காரர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நீ உங்க அம்மா வீட்டுக்குப் போறப்போ எனக்கு நாலு நாளுக்குச் சமைச்சு வெச்சுட்டுப் போவல்ல? நான் என்னிக்காவது அழுதிருக்கேனா?"

"இத்தன வருஷமா அழலன்னு இப்பதான் சொல்றீங்களா?"

"இப்பதான் கேட்ட," என்றார்.

முடிவு வந்தது. ஏழு நாள், இருபத்தொரு டிக், எல்லாம் 'ஆம்'. தட்டக்கா அத்தியாவசியமில்லை. ஒழுங்காக வேலையை முடித்துவிட்டுப் போன அத்தனை பேருக்கும் அதே கதிதான். நூலகர் புத்தகங்களை அடுக்கிவைத்துவிட்டுப் போனார், காலி. கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர் எல்லாவற்றையும் கழுவிவைத்துவிட்டுப் போனார், காலி. சாவியை எடுத்துக்கொண்டு போனவர் மட்டும் குழுவில் உட்கார்ந்திருந்தார்.

நான் மேல்முறையீடு செய்தேன். விசாரணை இயக்குநர் அறையில் நடந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், முத்திரைக்காரர், கவனிப்பாளரில் ஒருவர்.

"சார், நான் முன்கூட்டியே தட்டு ஊத்தி வெச்சதாலதான் ஒண்ணும் நிக்கல. அது என் வேலதானே சார்?"

இயக்குநர் கவலையோடு கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா நீங்க லீவுல இருந்துக்கிட்டே வேல செஞ்சிருக்கீங்க. இது பெரிய ஒழுங்கீனம். உங்கள எடுத்த மாதிரி எடுத்து, எடுக்காம விட்டுட்டோம்."

"மனுவுல சீல் இருக்கா?" என்று கேட்டார் முத்திரைக்காரர். அவர் குழுவில் பேசும் ஒரே வாக்கியம் அது.

பெரிய மனசு பண்ணி மறுசோதனைக்கு அனுமதித்தார்கள். புதிதாக ஒரு விதியும் சேர்த்தார்கள். விடுப்பில் இருப்பவர் அலுவல் நேரத்தில் நிலையத்தில் உள்ள எவரோடும் எந்த வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது. கொண்டால் மறுபேச்சு இல்லாமல் பதவி போகும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இந்த முறை ஒரு தட்டுகூட ஊற்றவில்லை. கதவில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தேன். அதோடும் நிற்கவில்லை. முத்திரைக்காரர் காட்டிய வழியில், அகார் அளக்கிற கரண்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இருபத்தொரு வருட நேர்மை ஒரு எவர்சில்வர் கரண்டியில் போனது. அதை அலமாரியில் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டு, 'பார்க்கலாம்' என்று உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் மாலை ஆறு மணிக்கு மேல், விதிக்கு உட்பட்டு, படிக்கட்டில் மேல்மாடிக்காரியைப் பிடித்தேன்.

"தட்டு இல்லாம எல்லாம் நின்னுருக்குமே?"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. யாரும் தட்டே கேக்கல."

"ஏன்?"

"இந்த வாரம் யாரும் ஈஸ்ட் வளக்கவே இல்லக்கா. எல்லாரும் சோதனைப் படிவம் நிரப்பிட்டிருக்காங்க. நீங்க இல்லன்னா என்ன ஆகும், அவர் இல்லன்னா என்ன ஆகும்னு ஒவ்வொருத்தரும் எண்பத்துமூணு பேரப் பத்தி எழுதணுமாம். நானும் உங்களப் பத்தி நேத்துதான் எழுதினேன்."

"என்ன எழுதின?"

"நல்லபடியாத்தான் எழுதினேன்," என்றாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

கரண்டியைத் திருடிய பாவத்துக்குப் பலனும் இல்லை. திருட்டிலும் நான் அத்தியாவசியமில்லை.

"ஆனா ஒண்ணுக்கா," என்றாள் எழுந்துகொண்டே, "இந்த வாரம் என்னவோ சரியில்ல. அரங்கத்துல ஒரே நேரத்துல ரெண்டு கூட்டம். முதல் மாடில சென்ட்ரிஃப்யூஜ் மெஷின் ரிப்பேர்னு ரெண்டு நாளா கையப் பிசைஞ்சிட்டிருந்தாங்க. மூணாம் மாடில நல்ல மெஷின் ஒண்ணு சும்மா நிக்குது, யாருக்கும் தெரியல. பெரியவர் ஒருத்தர் ரிடையர் ஆனதே பாதிப் பேருக்குத் தெரியாம, அவர் ரூம் முன்னாடி கையெழுத்துக்கு நிக்கறாங்க."

எனக்கு அதெல்லாம் அவள் சொல்வதற்கு முன்பே தெரியும். ஆனால் அது தட்டு சம்பந்தப்பட்ட விஷயமில்லையே என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை. ஜன்னல் ஓரம் நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். துணி உலர்த்த ஜன்னல் ஓரம் எதற்கு என்று கேட்காதீர்கள். எதிர்வீட்டு எலெக்ட்ரிஷியன் பெரிய பையோடு கிளம்பினார். சின்ன வேலைக்குச் சின்னப் பை, பெரிய வேலைக்குப் பெரிய பை.

"தம்பி, காலையிலயே பெரிய பையோட எங்க?"

"உங்க ஆபீஸுக்குத்தாங்க்கா. ரெண்டாம் மாடி லைன் முழுசும் மாத்தணுமாம். பத்து மணிக்குக் கட் பண்ணா சாயங்காலம்தான் குடுப்போம்."

"ரெண்டாம் மாடியா? சொல்லிட்டாங்களா அங்க?"

"நோட்டீஸ் போட்டாச்சாம். ரெண்டாம் மாடி போர்டு பூரா படிவம் ஒட்டியிருந்துச்சுன்னு மூணாம் மாடி போர்டுல போட்டுட்டாங்களாம்." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் மாடி நடையில் ஒரு ஃப்ரீசர் இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரி. மேல்மாடிக்காரியின் நோஞ்சான் ஈஸ்ட் அத்தனையும் அதில்தான் உறைந்து கிடக்கிறது. பத்திரத்துக்கு ஒரு நகல் வைத்திருக்கிறாள். அந்த நகலும் அதே ஃப்ரீசரில்தான். சாதாரண ஃப்ரீசர் மூடியே இருந்தால் அரை நாள் தாங்கும். இந்தக் கதவின் ரப்பர் போன வருடமே கிழிந்துவிட்டது. ஒரு பழைய துண்டை மடித்து அடைத்திருக்கிறாள். அந்தத் துண்டு என் வீட்டுத் துண்டு.

மணி ஒன்பது பத்து. போன் என் கையில் இருந்தது.

நான் போன் செய்தால் பதவி போகும். செய்யாவிட்டால் ஆறு வருடம் தண்ணீராக ஓடும். இந்த இடத்தில் நான் நெஞ்சு விம்மி ஒரு தீர்மானத்துக்கு வந்ததாக எழுதலாம். படிப்பவர்களுக்கும் பிடிக்கும். நடந்தது அதுவல்ல. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, 'வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்' என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அங்கே சொல்லக்கூடிய ஆள் யார் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். காவலர் வீட்டில். தோட்டக்காரர் வீட்டில். நூலகர் வீட்டில். மூன்று மாடிக்கும் போகிற தள்ளுவண்டி என் அறையில் பூட்டிக் கிடக்கிறது. பிறகு வேலை போனால் நாத்தனார் என்ன சொல்லுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வித்தியாசமே தெரியாது என்று தோன்றியது.

அதற்கெல்லாம் மேலே இன்னொன்றும் இருந்தது. ஒரு சேதி என் வாய்க்குள் வந்து முழுசாக எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. எட்டு நிமிஷம் நான் எந்தச் சேதியையும் வைத்திருந்ததில்லை. நாக்கு அரித்தது.

அழைத்தேன். மேல்மாடிக்காரி எடுக்கவில்லை. லேபில் போனை எடுக்க மாட்டாள். முதல் மாடியில் சென்ட்ரிஃப்யூஜ்காரரை அழைத்தேன். "ரெண்டாம் மாடிக்கு ஓடு, ஃப்ரீசர்ல இருக்கற பொட்டியெல்லாம் தூக்கு. உன் ஃப்ரீசர்ல கீழ ரெண்டு தட்டு காலிதானே? எனக்குத் தெரியும். அப்படியே ஒண்ணு, மூணாம் மாடில சென்ட்ரிஃப்யூஜ் சும்மா நிக்குது, போய் எடுத்துக்கோ." அப்புறம் மூன்றாம் மாடிக்கு ஒரு போன், நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு கீழே ஓடச் சொல்லி. வாயைத் திறந்தாகிவிட்டது, இனி மூடி என்ன பயன் என்று ரிடையர் ஆனவர் அறை முன்னால் நிற்பவர்களுக்கும், அரங்கத்தில் இரண்டு கூட்டம் போட்டவர்களுக்கும் சொல்லிவிட்டேன். மொத்தம் பதினோரு போன். ஒரு சட்டத்தை மீறுவதானால் ஒழுங்காக மீற வேண்டும்.

பத்து மணிக்கு இரண்டாம் மாடியில் மின்சாரம் போனது. ஃப்ரீசர் காலியாக இருந்தது, என் துண்டு மட்டும் உள்ளே கிடந்தது.

சாயங்காலம் மேல்மாடிக்காரி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அக்கா, உங்க வேல போயிடுமே."

"போனா போகட்டும். கரண்டியை மட்டும் எப்படித் திருப்பி வெக்கறதுன்னு சொல்லு."

வீட்டுக்காரர் அன்றைக்கு ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். நிலைமை எவ்வளவு மோசம் என்று அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

இறுதி விசாரணை திங்கட்கிழமை. கவனிப்பாளர் பதினோரு அழைப்பையும் நேரத்தோடு படித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, கைப்பையில் கரண்டி சத்தம் போடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"விதி தெளிவா இருக்கு," என்றார் இயக்குநர். "தொடர்பு கொண்டிருக்கீங்க. பதவி..."

அப்போது மேல்மாடிக்காரி அனுமதி கேட்காமல் உள்ளே வந்தாள். கையில் கவனிப்பாளர்களின் படிவங்களிலிருந்து அவள் போட்ட ஒரு வரைபடம்.

"சார், நீங்க 'ஆம்' கட்டத்த மட்டும் பாக்கறீங்க. 'இதர' கட்டத்தப் பாருங்க. மத்தவங்க யார் லீவுல போனாலும் அதுல வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு. அக்கா போன முதல் தடவை பன்னண்டு. ரெண்டாம் தடவை நாலு நாள்ல பதினேழு. கூட்டம் மோதிச்சு, சாமான் வேற மாடிக்குப் போச்சு, ஆள் மாறிப்போச்சு. அஞ்சாம் நாள் காலைல ஒன்பது இருபதுக்கு மேல? பூஜ்யம். போன் பண்ண நேரத்தயும் பாருங்க."

குழு வரைபடத்தைப் பார்த்தது. முத்திரைக்காரர் அதைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"தட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் இயக்குநர்.

"தட்டுக்குச் சம்பந்தமே இல்ல சார். இந்த வாரம் யாரும் தட்டே கேக்கல."

"அப்போ இவங்க என்ன வேல பாக்குறாங்க?"

கவனிப்பாளர் தன் நோட்டைப் புரட்டினார். மேல்மாடிக்காரி என்னைப் பார்த்தாள். ஆறு வருடமாகத் தன் மரபணுவைப் பார்க்கும் அதே பார்வை. நானும் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? நான் ஊர் வம்பு பேசுகிறவள் சார், தள்ளுவண்டி அதற்கொரு சாக்கு சார் என்றா? வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

இயக்குநர் எழுந்து நின்றார். நல்ல முடிவு வரும்போது அவர் எழுந்து நிற்பார், மோசமான முடிவுக்கும் நிற்பார்.

"இது நம்ம நிலையத்துல ஒரு புது விஷயம். இங்க எல்லாரோட பணியும் என்னன்னு நமக்குத் தெரியும். யாரும் செய்யறதுதான் இல்ல. இவங்க ஏதோ செய்யறாங்க. என்னன்னுதான் தெரியல. தெரியாத ஒண்ண எடுக்கறது அறிவியல் ஆகாது. தெரிஞ்சத எடுக்கறது நிர்வாகம்."

தீர்ப்பு எழுதப்பட்டது. சொல்லுக்குச் சொல் எனக்கு மனப்பாடம். 'தட்டு தயாரிக்கும் பணி அத்தியாவசியமன்று; தட்டுகள் இனி வெளியிலிருந்து பெட்டிகளில் வாங்கப்படும். பணியாளர் அத்தியாவசியமானவர். அவருடைய பணி: தெரியவில்லை.'

மேல்மாடிக்காரி சொன்னாள், மரபணுக்களின் பெரிய பட்டியலில் அவளுடைய மரபணுவுக்கு நேரேயும் இதே வரிதான் எழுதியிருக்கிறதாம். ஆறு வருடமாகத் தேடுகிறாள். தேடட்டும். என்னையும் யாராவது தேடினால் நன்றாயிருக்கும்.

வெளித் தட்டுகள் வந்தன. எல்லாம் ஒரே கனம், ஒரே பளபளப்பு, ஓரத்தில் கோடுகூட அச்சில் போட்டது. என் இருபத்தொரு வருடத்துக்குத் துரோகம் செய்ய மாட்டேன் என்று ஈஸ்டாவது முரண்டு பிடிக்கும் என எதிர்பார்த்தேன். ஒரே நாளில் முன்னைவிடக் கொழுகொழுவென்று வளர்ந்து நின்றது. அதற்கு நான் எப்போதுமே கொஞ்சம் சர்க்கரை குறைத்துத்தான் போட்டிருக்கிறேன் போலிருக்கிறது. கரண்டியைத் திருப்பி வைக்கவும் அறை இல்லை, அறையை மாற்றிவிட்டார்கள். இப்போது அதில் சட்டியில் குழம்பு கிண்டுகிறேன். தள்ளுவண்டி மட்டும் இன்னும் என்னிடம்தான். அதில் ஒன்றும் இருப்பதில்லை. ஆனாலும் தினம் இரண்டு தடவை மூன்று மாடிக்கும் தள்ளிக்கொண்டு போகிறேன். எல்லோரும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறார்கள்.

போன வாரம் நாத்தனார் அழைத்தாள். உடம்பு, பிள்ளைகள், மழை. தொண்டையைச் செருமினாள்.

"அண்ணி, கேக்கணும்னு. அங்க என்னதான்..."

"இந்தத் தடவ எழுத்துல குடுத்திருக்காங்க. நான் அத்தியாவசியமாம்."

"ஓ! என்ன வேலைக்கு?"

"அது அவங்களுக்கே தெரியலையாம்."

மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. இந்த மௌனம் பழைய மௌனம் இல்லை. இதில் ஒரு மரியாதை இருந்தது. "அந்தக் கடுதாசிய ஒரு படம் எடுத்து அனுப்புங்க அண்ணி. எங்க வீட்டுக்காரருக்குக் காட்டணும்."

அனுப்பலாம். ஆனால் அதில் இன்னும் முத்திரை விழவில்லை. முத்திரைக்காரர், அத்தியாவசிய மனிதர், இரண்டு வாரம் குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கிறார். டிராயர் பூட்டியிருக்கிறது, போன் அணைந்திருக்கிறது, நிலையம் மறுபடி நின்றிருக்கிறது. சாவியைக் காணோம் என்று மூன்று மாடியும் தேடிக்கொண்டிருக்கிறது.

சாவி அவர் வீட்டு வாசலில், செருப்பு அடுக்கும் பலகையின் கீழ்த்தட்டில், இடது கால் பழுப்பு ஷூவுக்குள் இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். என் பணி என்னவென்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.